வாசகர் கேள்வி – பதில்: ஆளில்லாத கல்லறையில் யார் அழுவது?

போன இதழில் திருகோணமலை நிலாவெளி வீதிப் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் விடியற்காலை அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் நடக்கப் போகிறேன். டப்ளினில் இருந்து வந்திருந்த தம்பியின் மகன் அதன் வாசலில் நின்று, "பெரியப்பா, ஐரிஷ்காரருக்கும் சண்டையில் செத்தவர்களைப் பாடுகிற பாட்டு இருக்கு, அதுவும் அவர்களுடைய சொந்த மொழியில்" என்றான். அயர்லாந்தில் பேசுவது ஆங்கிலம்தானே? – ஓய்வுபெற்ற தபாலதிபர், உப்புவெளி

பதில்: பிள்ளை சொன்னது சரி ஐயா. ஐரிஷ் தனி மொழி, ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பும் இல்லை. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் செத்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் ஐரிஷ் மட்டுமே பேசிய ஏழைகள் ஏராளம், மொழியின் முதுகெலும்பு அங்கேதான் முறிந்தது. 2022 குடிசனக் கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் 18 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் அதில் கதைக்கிறவர்கள் ஏறக்குறைய 72,000 பேர்தான். அப்படிப்பட்ட மொழிக்குள் இருக்கிற இரங்கல் பாட்டுகளைப் படித்தால் உங்களுக்குச் செத்த வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல இருக்கும். எனக்கு இருந்தது.

அதில் முதலில் சொல்ல வேண்டியது ஐலீன் டுவ் நீ கோனில் என்ற பெண் தன் கணவன் ஆர்ட் ஓ லீரிக்குப் பாடிய புலம்பல். ஆர்ட் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் படையில் குதிரைவீரர் கப்டனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், வயது 26. அந்தக் காலத்து அயர்லாந்தில் கத்தோலிக்கன் ஒருவன் ஐந்து பவுணுக்கு மேல் பெறுமதியான குதிரை வைத்திருக்கக் கூடாது, புரட்டஸ்தாந்து மதத்தவன் ஒருவன் ஐந்து பவுணை நீட்டினால் எவ்வளவு நல்ல குதிரையாக இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். ஆர்ட்டின் பெட்டைக் குதிரையை மொரிஸ் என்ற அதிகாரி அந்த விலைக்குக் கேட்டான், ஆர்ட் முடியாது என்றான். பகை முற்றி, 1773ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி கோர்க் மாவட்டத்தில் கரிக் அன் இம என்ற இடத்தில் அவனைச் சுட்டுப் போட்டார்கள்.

பாட்டில் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். குதிரை தனியாக வீட்டுக்கு வருகிறது, கடிவாளம் நிலத்தில் இழுபடுகிறது, சேணத்தில் இரத்தம், ஆள் இல்லை. ஐலீன் பாடுகிறாள்: முதல் பாய்ச்சல் வாசற்படிக்கு, இரண்டாவது பாய்ச்சல் படலைக்கு, மூன்றாவது பாய்ச்சல் உன் குதிரையின் முதுகுக்கு. போய்ப் பார்த்தால் ஒரு குட்டைப் பற்றைக்குப் பக்கத்தில் கிடக்கிறான். குருவானவர் இல்லை, செபம் இல்லை, யாரோ ஒரு கிழவி தன் போர்வையை விரித்து மூடியிருக்கிறாள். இரத்தம் இன்னும் வழிகிறது. அதைத் துடைக்க அவள் நிற்கவில்லை, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன் என்கிறாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று.

கேள்வி: செத்த வீட்டில் அழுது பாடுவது பெண்களின் வேலை என்று ஒதுக்கி, அதைக் கவிதை என்று யாரும் சொல்வதில்லை. அங்கேயும் அப்படித்தானா? – வாசகி, மூதூர்

பதில்: அக்கா, அங்கேயும் பெண்கள்தான். செத்தவரைச் சுற்றி நின்று பாடி அழுவதற்கு ஐரிஷில் 'கீன்யெ' என்று பெயர், ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லாமல் அங்கிருந்துதான் கடன் வாங்கினார்கள். அதில் கைதேர்ந்த பெண்களை ஊருக்கு ஊர் கூப்பிடுவார்கள். தேவாலயத்துக்கு இது பிடிக்கவேயில்லை, இது பழைய அஞ்ஞான வழக்கம், செத்தவருக்குச் செபம் போதும் என்று நூற்றாண்டுக்கணக்காகத் தடுத்துப் பார்த்தார்கள். பெண்கள் கேட்கவில்லை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள், நம்முடைய ஒப்பாரியில் மாமி மச்சாள் சண்டை வருமே, அது ஐலீனின் பாட்டிலும் வருகிறது! ஆர்ட்டின் தங்கை வந்து, என் அண்ணன் பிணமாகக் கிடக்க நீ போய்க் கட்டிலில் படுத்துத் தூங்கினாயே என்று பாட்டிலேயே குத்துகிறாள், ஐலீன் பாட்டிலேயே திருப்பிக் கொடுக்கிறாள், பிள்ளைகளைத் தூங்கவைக்கப் போனேன், என்னைவிட்டால் அவர்களைத் தட்டிக்கொடுக்க யார் என்று. பிணத்துக்கு முன்னால் நடக்கிற வழக்கு அது. இப்படிப்பட்ட உண்மை எந்தப் பெரிய காவியத்தில் வருகிறது சொல்லுங்கள்.

கவிதையா என்றால், இன்றைக்கு அந்தப் பாட்டு 18ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கவிதைகளில் ஒன்று என்று படித்தவர்கள் கொண்டாடுகிறார்கள். பாடியபோது அது வெறும் அழுகைதான். நம்மிடத்திலும் இதை மாற்றிச் சொல்ல வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

கேள்வி: உயர்தரத்தில் தமிழ் படிக்கிறேன். புறநானூற்றில் செத்தவருக்கு இரங்கிப் பாடும் கையறுநிலைப் பாட்டுகள் இருக்கின்றனவே, அவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய ஐரிஷ் பாட்டுகள் உண்டா? – மாணவி, திருகோணமலை நகர்

பதில்: தங்கச்சி, உன் கேள்விக்காகத்தான் இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

புறநானூற்றின் 255ஆம் பாட்டை எடு, வன்பரணர் பாடியது, துறை முதுபாலை. கணவன் வழியில் செத்துக் கிடக்கிறான், மனைவி தனியே நிற்கிறாள். ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடும் என்று பயம், அணைத்துத் தூக்கலாம் என்றால் அகன்ற மார்பு, முடியவில்லை. கூற்றுவனைச் சபித்துவிட்டுக் கடைசியில் செத்த கணவனிடமே கெஞ்சுகிறாள்: என் கையைப் பிடித்துக்கொள், "வரைநிழல் சேர்கம் நடந்திசின் சிறிதே". மலை நிழல்வரைக்கும் போய்விடலாம், கொஞ்சம் நடவேன். பிணத்திடம் சொல்கிறாள் இதை.

இப்போது ஐலீனிடம் வா. இரத்தத்தைக் குடித்த கையோடு அவள் பாடுவது என்ன தெரியுமா? எழும்பு, என்னோடு வீட்டுக்கு வா, மாடு அறுக்கச் சொல்கிறேன், ஊரைக் கூப்பிடுகிறேன், பாட்டுக்காரரை வரச் சொல்கிறேன், வெள்ளைத் துணி விரித்துப் படுக்கை போட்டுத் தருகிறேன். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேல் இடைவெளி, ஒருவரையொருவர் கேள்விப்படவே வாய்ப்பில்லாத இரண்டு ஊர்கள், ஆனால் இரண்டு பெண்களும் செத்தவனை எழுப்பி நடக்கச் சொல்கிறார்கள். முதல்தரம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

இரண்டாவது ஒப்புமை இன்னும் சுற்றுவழி, ஆனால் எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். கஹல் பூயி என்ற 18ஆம் நூற்றாண்டு ஐரிஷ் கவிஞர் உறைந்த ஏரிக்கரையில் தண்ணீர் கிடைக்காமல் செத்துக் கிடந்த ஒரு குருகை, நாரை போன்ற நீர்ப்பறவையை, பார்த்துப் பாடியிருக்கிறார். நீ தாகத்தில் இருக்கிறாய் என்று சொல்லி அனுப்பியிருந்தால் நான் வந்து பனிக்கட்டியை உடைத்திருப்பேனே என்கிறார். (நம் குறுந்தொகையில் தலைவிக்குச் சாட்சியாக நின்ற குருகை நினைத்துக்கொள்.) இந்தப் பாட்டைத் தோமஸ் மக்டோனா ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர் கவிஞர், விரிவுரையாளர், 1916இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவர், அந்த ஆண்டு மே 3ஆம் திகதி பிரிட்டிஷ் படை அவரைச் சுட்டுக் கொன்றது. அவருக்கு இரங்கல் பாடியவர் யார் என்று பார், பிரான்சிஸ் லெட்விட்ஜ், பிரிட்டிஷ் படைச் சீருடையிலேயே இருந்த ஐரிஷ் சிப்பாய்! தன் நண்பரைக் கொன்ற படையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, இனி அவர் அந்தக் குருகின் குரலைக் கேட்கமாட்டார் என்று தொடங்குகிறார். பாட்டு ஆங்கிலம்தான், ஆனால் அடியின் நடுவிலே இயைபு வைக்கிற ஐரிஷ் யாப்பின் ஓசை அதற்குள் ஓடுகிறது, குருகும் ஐரிஷ் பாட்டிலிருந்து பறந்து வந்த குருகு.

இதோடு புறநானூற்றின் 242ஆம் பாட்டை வைத்துப் பார். குடவாயிற் கீரத்தனார் பாடியது. இளையோர் சூடமாட்டார், வளையோர் கொய்யமாட்டார், பாணன் சூடான், பாடினி அணியாள், வீரன் சாத்தன் செத்த பிறகு "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே" என்று பூவிடம் கேட்கிறார். அங்கே பூ பூத்தும் சூட ஆளில்லை, இங்கே பறவை கூவியும் கேட்க ஆளில்லை. பரீட்சையில் எழுது, புள்ளி வருமோ தெரியாது, ஆனால் எழுது.

லெட்விட்ஜ் 1917 ஜூலை 31ஆம் திகதி பெல்ஜியத்தில் வீதி போட்டுக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து செத்தார். அதே நாள், அதே போர்முனையில் வேல்ஸ் நாட்டு வெல்ஷ் மொழிக் கவிஞர் ஹெத் வின்னும் செத்தார், இரண்டு பேரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். ஹெத் வின்னுக்கு அந்த ஆண்டு வெல்ஷ் கவிதை விழாவில் முதற்பரிசு, ஆளைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. பரிசாகக் கொடுக்க இருந்த நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள்.

கேள்வி: என் வாப்பும்மாவின் தகப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் வேலை செய்தவர், 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போட்ட கதையை எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள். அன்னியன் படையில் சேர்ந்து செத்தவனைச் சொந்த நாடு நினைக்குமா? அயர்லாந்து என்ன செய்தது? – வாசகர், கிண்ணியா

பதில்: நல்ல கேள்வி, கனமான கேள்வி. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் ஐரிஷ்காரர் இருந்தார்கள். வேலை இல்லை என்று போனவர்கள், வீட்டுக்குப் படிப்பணம் வரும் என்று போனவர்கள், தங்கள் நாட்டுக்குச் சுயாட்சி கிடைக்கும் என்று தலைவர்கள் சொன்னதை நம்பிப் போனவர்கள். போகும்போது ஊர் கூடி வழியனுப்பியது. திரும்பி வந்தபோது நாடு வேறு நாடாக இருந்தது. 1916 எழுச்சியில் சுடப்பட்டவர்கள் தியாகிகள், இவர்கள் வாய்திறக்க முடியாதவர்கள். பதக்கத்தை அலுமாரி அடித்தட்டில் போட்டு மூடிய வீடுகள் எத்தனையோ.

டப்ளினில் இரண்டு தோட்டங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தாலே கதை விளங்கும். ஒன்று ஐலண்ட்பிரிட்ஜ் என்ற இடத்தில், உலகப் போரில் செத்தவர்களுக்காக, புதுடில்லியைக் கட்டிய லட்யன்ஸ்தான் இதற்கும் வரைபடம் போட்டார். வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பிரிட்டிஷ் படையில் இருந்தவர்கள், பாதிப் பேர் விடுதலைக்குப் பிறகு வந்த ஐரிஷ் படையில் இருந்தவர்கள், அப்படி வேண்டுமென்றே பார்த்து எடுத்தார்கள். 49,000க்கு மேற்பட்ட பெயர்கள் எழுதிய புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. 1930களின் கடைசியில் கட்டி முடித்த அந்தத் தோட்டத்தை முறைப்படி திறந்தது எப்போது தெரியுமா, 1988இல். அதுவரைக்கும் பல காலம் புல் மண்டிக் கிடந்தது.

மற்றது நகரத்தின் நடுவில், அயர்லாந்தின் விடுதலைக்காகச் செத்தவர்களுக்கு, 1966இல் எழுச்சியின் ஐம்பதாவது ஆண்டில் திறந்தார்கள். அங்கே சுவரில் ஒரு ஐரிஷ் கவிதை வெட்டியிருக்கிறது. 1976இல் இதற்காகவே ஒரு போட்டி வைத்து, லியம் மக் உஷ்டீன் எழுதியதைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்களுக்கு ஒரு கனவு கிடைத்தது என்பது தலைப்பின் பொருள். நம்பிக்கையிழந்த இருட்டிலே விளக்கேற்றினோம், அது அணையவில்லை என்று போய், கடைசியில் செத்தவர்களே உயிரோடு இருக்கிற தலைமுறையைப் பார்த்து, கனவு கண்ட எங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். நடுகல்லில் பேர் எழுதிப் பீலி சூட்டிய ஊரில் பிறந்த நமக்கு இது புதுசு இல்லை. மனதைத் தொடுகிற பாட்டுதான், ஆனால் என் கருத்தைக் கேட்டால் அது சுவருக்கென்று எழுதிய பாட்டு, ஐலீனுடையது வாசற்படியில் பிறந்த பாட்டு, நான் ஐலீன் பக்கம்.

முதல் தோட்டத்துக்காரருக்கு ஐரிஷ் மொழியில் அப்படி ஒரு சுவர்க் கவிதை கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துவது. அவர்களிலும் வீட்டில் ஐரிஷ் பேசிய தாயின் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் செத்த சேதி வந்ததும் அந்தத் தாய்மார் அழுத மொழி எது? ஆங்கிலமாக இருக்க முடியாது. 1998 நவம்பர் 11ஆம் திகதி பெல்ஜியத்தின் மெசின் என்ற ஊரில் அவர்கள் நினைவாக ஐரிஷ் பாணியில் ஓர் உயரக் கற்கோபுரத்தை ஐரிஷ் சனாதிபதி மேரி மக்கலீசும் எலிசபெத் மகாராணியும் சேர்ந்து திறந்தார்கள். 2011இல் அதே மகாராணி டப்ளினுக்கு வந்து இரண்டு தோட்டத்திலும் மலர்வளையம் வைத்து, எதிர்த்துச் செத்தவர்களுக்கும் தலை குனிந்தார். விருந்தில் பேச்சைத் தொடங்கியபோது ஐந்தே ஐந்து ஐரிஷ் சொல் சொன்னார், சனாதிபதி அவர்களே, நண்பர்களே என்று. மேசையில் இருந்த மக்கலீஸ் வியப்புத் தாங்காமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். எண்பது தொண்ணூறு ஆண்டு எடுத்தது இதற்கு.

நம்முடைய மாவட்டத்தில் மூன்று மொழியிலும் அழுத வீடுகள் இருக்கின்றன. எந்த வீட்டுச் சுவரில் எந்த உடுப்புப் போட்ட படம் தொங்கினாலும், அல்லது தொங்கவிடப் பயந்து பெட்டிக்குள் இருந்தாலும், அதற்கு முன்னால் அழுகிறவள் தாய். அவளை அழ விட வேண்டும். இதை நான் யாருக்கும் நோகாமல் சொல்ல முயலவில்லை, மனதார நம்பிச் சொல்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டில் செத்தால் கல்லறையில் தமிழில் எழுத விடுவார்களா? – வாசகர், சாம்பல்தீவு

பதில்: இடத்துக்கு இடம் சட்டம் வேறு. ஆனால் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐரிஷ் குடும்பம் ஒன்று தாயின் கல்லில் "எங்கள் நெஞ்சில் என்றென்றும்" என்று ஐரிஷில் மட்டும் எழுதக் கேட்டது. 2020இல் தேவாலய நீதிமன்றம், மொழிபெயர்ப்பு இல்லாமல் அது அரசியல் வாசகம்போலத் தெரியலாம் என்று மறுத்தது. குடும்பம் விடவில்லை, மேல்முறையீடு செய்து 2021இல் வென்றார்கள். போர்க் கல்லறைகளில் வேறு கணக்கு, முதலாம் போரில் செத்தவர்களின் கல்லில் குடும்பத்தார் 66 எழுத்துக்குள் ஒரு வரி சேர்க்க விட்டார்கள், எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் என்று காசும் கேட்டார்கள். ஏழைத் தாய் ஒருத்தி எழுத்தை எண்ணி எண்ணி வரியைக் குறைத்திருப்பாள் என்று நினைத்தால் தாங்கவில்லை.

தூரத்தில் கிடக்கிற கல்லறை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1607இல் அயர்லாந்தின் வடக்கில் உள்ள உல்ஸ்டரின் பிரபுக்கள் தோற்றுக் கப்பலேறி ரோமுக்குப் போனார்கள், அடுத்த ஆண்டே அவர்களில் ஓ டொனல் சகோதரர் இருவர் அங்கே செத்தார்கள். அவர்களுடைய சகோதரி நூலா தனியே கல்லறையில் நின்று அழுததை அவர்கள் வீட்டுப் புலவர் ஓவன் ரூவா மக் அன் வார்ட் பாடினார். கல்லறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்த பெண்ணே என்று தொடங்கி, இது மட்டும் உங்கள் ஊர் டொனகலில் என்றால் உனக்குப் பக்கத்தில் இடம் கிடைக்குமா, எத்தனை ஊர்ப் பெண்கள் சூழ்ந்து அழுதிருப்பார்கள் என்கிறார். டொரொண்டோவில் ஒரு செத்த வீட்டில் ஆறே பேர் நின்றதை என் மச்சாள் போனில் சொன்னபோது எனக்கு இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: என் மாமிக்கு நிறைய ஒப்பாரி தெரியும். எண்பது வயது தாண்டிவிட்டது. அதை எழுதி வைப்பதில் பயன் உண்டா? கேட்டால் பாட மறுக்கிறார். – வாசகி, தம்பலகாமம்

பதில்: எழுதுங்கள், இந்தக் கிழமையே எழுதுங்கள். ஐலீன் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. கோர்க் மாவட்டத்தில் நோரா நீ ஹீண்டில என்று ஒரு பெண், செத்த வீடுகளில் பாடுகிறவள், அவள் மனப்பாடமாக வைத்திருந்ததைப் பல ஆண்டு கழித்து யாரோ கேட்டு எழுதிக்கொண்டதால்தான் இன்றைக்கு நாம் அந்தப் பாட்டைப் பற்றிக் கதைக்கிறோம்.

மாமி மறுப்பதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும், சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது. அதை மதிக்க வேண்டும். வீட்டுக்குள் கேட்காதீர்கள். பின்னேரம் தேத்தண்ணி குடித்த பிறகு வயல்வரம்பிலோ குளக்கட்டிலோ கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து, பாடச் சொல்லாமல், இன்னாருடைய செத்த வீட்டில் என்ன பாடினீர்கள் என்று கதையாகக் கேளுங்கள். போனை மடியில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் இருங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது குரல் தானாக இழுபடத் தொடங்கும், அப்போது நடுவில் பேச வேண்டாம். யாருக்காக, எந்த ஆண்டு, செத்தவர் அவருக்கு என்ன முறை என்பதைப் பிறகு கேட்டு எழுதுங்கள், அது இல்லாமல் பாட்டு அரைவாசிதான்.

என் அம்மம்மா கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பிக்குப் பாடியதில் நாலு வரிதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது:

சம்பூர்க் கரை தெரிய
சாமத்தில் வள்ளம் வரும்
வள்ளத்தில் ஆளில்லை – என்ர ராசா
வலை மட்டும் வந்ததையா

இரண்டாவது வரியில் அவ பாடியது வள்ளமா தோணியா என்று எனக்கு இப்போதும் சந்தேகம். கேட்டுத் தெரிந்துகொள்ள அவ இல்லை, அதைக் கேட்டிருந்த மற்றவர்களும் இல்லை.